வெப்பம் போகும் வழி

கார் எஞ்சினில் அதிகம் வதைபடும் பாகம் எது என்று கேட்டால், யோசிக்காமல் எக்ஸாஸ்ட் வால்வு என்பேன். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. திறக்கும்போதெல்லாம் எரிந்து முடிந்த வாயு அதன் கழுத்தைச் சுற்றிப் பீறிட்டுப் போகிறது. இன்லெட் வால்வுக்காவது புதிதாக உள்ளே வரும் குளிர்ந்த கலவை சூட்டைத் தணித்துவிடும். இதற்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. முழுச் சுமையில் அதன் தலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் செக்கச்செவேலென்று கிடக்கும். அந்தச் சூடு வெளியேற இரண்டே வழிதான். மூடியிருக்கும் அந்தச் சிறு பொழுதில், வால்வு அமரும் வளையமான சீட்டில் பதிந்து, அதன் வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குப் போக வேண்டும். மிச்சம் தண்டு வழியாக, அதைச் சுற்றியிருக்கும் கைடுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் போகிறது. சீட்டில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் கதை முடிந்தது. சூடு போகும் வழி அடைபடும், அந்த இடைவெளியிலேயே வாயு புகுந்து இரும்பை அரித்து ஓர் ஓடை வெட்டிவிடும்.

கோவைப் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் போரிங் வேலையும் வால்வு சீட் வெட்டும் வேலையும் கற்றவன் நான். பிறகு இங்கிலாந்துக்குப் போய், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துக் கார் எஞ்சின்களை மட்டுமே புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் என் வேலைநாளின் பெரும்பகுதியைக் கழித்தேன். அந்தக் கார்களுக்கு உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. பழையதை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து, எஞ்சினில் போட்டு, திறன் அளக்கும் பிரேக்கில் ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். 1920களில் சோதனைக் கூடத்துக்காரர்கள் செய்ததும் இதே வேலைதான். அவர்களுக்கு விடை தெரியாது, எனக்கு அவர்கள் கண்ட விடைகள் கையில் இருந்தன. வித்தியாசம் அவ்வளவே.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் பந்தய ஓட்டுநர்களை முன்னால் நிறுத்துவார்கள். புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதை, கோப்பைகள், உலக வேகச் சாதனைகள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எஞ்சினை உண்மையில் மாற்றியவர்கள் சோதனைப் பெஞ்சில் நின்றவர்கள்தான். அவர்கள் முன்னால் இருந்த கேள்வியும் ஒன்றுதான்: இந்தச் சூட்டை எந்த வழியாக வெளியே அனுப்புவது? பிஸ்டன், வால்வு, ஹெட், பிளக் என்று எதை எடுத்தாலும் அந்தக் கேள்விதான் வேறு வேறு உருவத்தில் நிற்கும்.

பிஸ்டனிலிருந்து தொடங்குகிறேன். முதல் உலகப் போருக்கு முன் பெரும்பாலும் வார்ப்பிரும்புப் பிஸ்டன், சில எஞ்சின்களில் எஃகு. 1913இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி, தான் இங்கிலாந்தில் விற்றுவந்த டி.எஃப்.பி. கார்களின் பிரெஞ்சுத் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். அங்கே மேசை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த ஒரு சின்ன அலுமினியப் பிஸ்டன் அவர் கண்ணில் பட்டது. அதே உலோகத்தில் நிஜப் பிஸ்டன் செய்தால் என்ன என்று கேட்டு, 88 பங்கு அலுமினியம், 12 பங்கு செம்பு என்ற கலவையில் வார்க்கச் சொன்னார். எஞ்சின் கூடுதல் வேகத்தில் ஓடியது. போர் வந்ததும் இந்தச் சேதியை அவரே விமான எஞ்சின் செய்யும் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனார்.

எடை குறைவு என்பதுதான் வெளியில் தெரிந்த லாபம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பிஸ்டனின் தலையில் விழும் சூடு ரிங்குகளுக்கும் அங்கிருந்து சிலிண்டர் சுவருக்கும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. தலை குளிர்ந்தால் எஞ்சின் டணடணவென்று தட்டுவது குறையும், கம்ப்ரஷனைக் கூட்டலாம்.

ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். பென்ட்லி 3 லிட்டர் காரின் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் தலை 250 டிகிரிக்கும் சிலிண்டர் சுவர் 120 டிகிரிக்கும் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பிஸ்டன் தலை சுவரைவிட மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அதிகமாகப் பெருத்திருக்கும். அந்த இடத்தைக் குளிரிலேயே விட்டுவைக்க வேண்டும். விட்டால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் ஆடி ஆடிச் சுவரில் மோதி லொடலொடக்கும். விடாவிட்டால் சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். அந்த இருபது ஆண்டுகளின் பிஸ்டன் ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் நடந்தது. பிஸ்டனின் பக்கச் சுவரான ஸ்கர்ட்டில் நெடுக்காகக் கீறல் விட்டுப் பார்த்தார்கள். சூட்டில் அதிகம் விரியாத இன்வார் எஃகுத் துண்டுகளை உள்ளே வைத்து வார்த்துப் பார்த்தார்கள். சிலிக்கன் நிறையச் சேர்த்து, விரிவையே குறைத்த கலவைகளும் வந்தன. டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், செம்பு 4, நிக்கல் 2, மெக்னீசியம் 1.5 சதவீதம் சேர்ந்த ஒய் அலாய் போர்க்காலத்திலேயே உருவாகியிருந்தது. சூட்டிலும் வலுவை இழக்காத கலவை அது. பிஸ்டனை முழு வட்டமாகக் கடையாமல், கனெக்டிங் ராடைக் கோக்கும் பின் (pin) இருக்கும் திசையில் சற்றுக் குறைத்து முட்டை வடிவில் கடைந்தால் சூட்டில் அதுவே வட்டமாகிவிடும் என்பதையும் அந்த நாளில்தான் கண்டுகொண்டார்கள்.

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் கிடைக்காதது, ஓடிக் கழற்றிய பிஸ்டனைப் பார்க்கும் பார்வை. எங்கள் பட்டறையில் புதிதாக வார்த்த பிஸ்டனைப் போட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் கழற்றிவிடுவோம். துடைக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. ஜன்னல் பக்கம் வைத்து மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். தள்ளுவிசை விழும் பக்கத்தில் ஸ்கர்ட்டின் நடுவில் மங்கலான பட்டை ஒன்று, மேலும் கீழும் மறைந்துபோகும் ஓரங்களோடு இருந்தால் எல்லாம் சரி. பின் துளைக்கு இரண்டு பக்கமும் மூலையில் பளபளப்பு தெரிந்தால், முட்டை வடிவம் போதவில்லை. முதல் ரிங்குக்கு மேலே உள்ள பட்டையில் வெள்ளியாக ஒரு தேய்ப்பு இருந்தால், தலை நாம் நினைத்ததைவிட அதிகம் பெருத்திருக்கிறது. பிறகு கவிழ்த்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டிய எண்ணெய் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நிம்மதி. கருகிக் கறுத்துப் பொருக்கு கட்டியிருந்தால், சூடு இறங்க வழியில்லாமல் நடுவிலேயே தங்கியிருக்கிறது; தலையின் தடிமனைக் கூட்ட வேண்டும். தலையைக் கனமாக்கினால் பிஸ்டன் குளிரும் என்பது கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். கடத்த உலோகம் இருந்தால்தானே சூடு ஓரத்துக்குப் போய்ச் சேரும்? அளவே வேண்டுமென்றால் பிஸ்டனைக் குறுக்காக அறுத்து அங்குலத்துக்கு அங்குலம் கடினத்தன்மையைச் சோதிக்கலாம். அலுமினியக் கலவை எவ்வளவு சூடு கண்டதோ அவ்வளவு மென்மையாகியிருக்கும். சூட்டு வரைபடத்தைப் பிஸ்டனே தன் உடம்பில் எழுதிவைத்திருக்கும்.

வால்வுக்கு வருகிறேன். 1920க்கு முன் பயன்பட்ட எஃகுகள் செஞ்சூட்டில் நீண்டுபோகும், செதில் செதிலாக உரியும், தலை தனியே கழன்று விழும். கழன்ற தலை பிஸ்டனைத் துளைத்துக்கொண்டு போய்விடும். டங்ஸ்டன் எஃகு, குரோமியம் எஃகு, சிலிக்கனும் குரோமியமும் சேர்ந்த எஃகு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் நிக்கல், குரோமியம், டங்ஸ்டன் மூன்றும் கலந்த எஃகு வந்தது. ஷெஃபீல்டின் கே.இ. 965 என்ற எஃகு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். செஞ்சூட்டிலும் நிற்கும், அரிப்பையும் தாங்கும். ஆனால் அதிகம் விரியும் என்பதால் கைடில் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். தணித்தாலும் கடினமாகாது என்பதால் தண்டின் நுனிக்கு வேறு கடின உலோகத்தில் தொப்பி போட வேண்டும். ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து இரண்டு சின்ன நோய்களைக் கூட்டிவரும். அவற்றுக்கும் வைத்தியம் பார்த்தால்தான் பாகம் எஞ்சினுக்குள் போகும்.

இந்த வரிசையில் என்னை மிகவும் வியக்க வைப்பவர் சாம் ஹெரான். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்ஸனோடு காற்றுக் குளிர்ச்சிச் சிலிண்டர்களை ஆராய்ந்துவிட்டு, 1921இல் அமெரிக்காவுக்குப் போய் டேட்டன் நகரத்து மெக்குக் ஃபீல்டு விமான ஆய்வு மையத்தில் சேர்ந்தார். உலோகத்தை மாற்றுவதோடு நிற்காமல், சூட்டுக்குப் புதிய பாதையே வெட்டினார் அவர். தண்டைக் குடைந்து, உள்ளே பாதி அளவுக்கு, சூட்டில் உருகும் ஒரு பொருளை நிரப்பி அடைத்துவிடுவது. முதலில் நைட்ரேட் உப்புகளைப் போட்டுப் பார்த்தார், பிறகு சோடியத்துக்கு வந்தார். சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஓடும்போது, சீசாவில் மருந்தைக் குலுக்குவது போல அது உள்ளே அலைந்து, தலையின் சூட்டை அள்ளிக்கொண்டு வந்து தண்டில் கொட்டும். 1927இல் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் நிற்காமல் பறந்த விமானத்தின் ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினில் இப்படி உள்ளுக்குள் குளிரும் எக்ஸாஸ்ட் வால்வுகள் இருந்தன. அந்தப் பயணத்தைப் பேசுகிறவர்கள் வால்வுகளைப் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்படிப்பட்ட பழைய வால்வு ஒன்றை எங்கள் பட்டறையில் அறுத்துப் பார்த்தோம். தண்ணீர் கலந்த கூலன்ட் ஒரு சொட்டுக்கூட அருகில் இருக்கக் கூடாது; சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். உலர்ந்த மினரல் ஆயிலை ஊற்றிக்கொண்டே கைரம்பத்தால் மெதுவாக அறுத்தோம். தண்டுக்குள் சோடியம் வெள்ளியைப் போல மின்னியது, கத்தி முனையில் வழுவழுவென்று வெட்டுப்பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டுச் சாம்பல் பூத்துவிட்டது. தண்டின் உட்சுவர் கடைசல் கோடு தெரியாத அளவுக்கு மெருகேற்றப்பட்டிருந்தது. உள்ளே ஒரு கீறல் இருந்தாலும் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும் என்று தெரிந்தவர்கள், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் அந்த மெருகைப் போட்டிருக்கிறார்கள்.

சாலையில் ஓடும் சாதாரணக் காருக்கு அந்தக் காலத்தில் சோடியமெல்லாம் கிடையாது. அங்கே சீட்டின் அகலம்தான் எல்லாம். அகலமாக வைத்தால் சூடு நன்றாக இறங்கும், ஆனால் கரி சிக்கிக்கொண்டு அடைப்பு சரியாக இருக்காது. குறுக்கினால் அடைப்பு நன்றாக இருக்கும், சூடு இறங்காது. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, நீல மை தடவிப் பதிவு எடுத்து, சாம்பல் நிற வளையம் சுற்றிலும் ஒரே அகலத்தில் வரும்வரை விடக் கூடாது. இந்த வேலையில் அவசரப்படுகிறவரை நான் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்தது தட்டல். ஏற்றத்தில் கியர் மாற்றாமல் மிதித்தால் டணடணவென்று கேட்குமே, அது. அது பிளக் முன்னதாகச் சுடுவதால் வருவது என்றும், கார்பரேட்டர் கோளாறு என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தீ பரவிக்கொண்டிருக்கும்போது, எட்ட மூலையில் நசுங்கிச் சூடேறிக் கிடக்கும் மிச்சக் கலவை தானாகவே ஒரே நொடியில் வெடிப்பதுதான் தட்டல் என்று இங்கிலாந்தில் அழுத்திச் சொன்னவர் ஹாரி ரிக்கார்டோ. போர் முடிந்ததும் ஷோர்ஹாம் என்ற கடலோர ஊரில் தன் கூடத்தை அமைத்தார். அங்கே அவர் கட்டிய இ.35 என்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், சிலிண்டரையே மேலும் கீழும் நகர்த்தலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். டிசார்டு, பை என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். ஒரு எரிபொருளை ஊற்றுவார்கள், கம்ப்ரஷனை மெல்ல ஏற்றுவார்கள், தட்டத் தொடங்கும் இடத்தைக் காதால் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு முதன்முறையாக ஓர் அளவுகோல் கிடைத்தது. போர்னியோவிலிருந்து வந்த பெட்ரோல் மற்றவற்றைவிட மிக நன்றாகத் தாங்கியது. அதன் அடர்த்தி விற்பனை விதிக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக, அதைக் காட்டிலேயே எரித்து வீணாக்கிக்கொண்டிருந்தார்கள்! அடர்த்தி அளக்க எளிது, தட்டலை அளக்க வழியில்லை. அதனால் அளக்க முடிந்ததையே தரம் என்று வைத்துக்கொண்டார்கள்.

தட்டல் எங்கே பிறக்கிறது என்று தெரிந்ததும் ரிக்கார்டோ சைடு வால்வு எஞ்சினின் ஹெட்டை மாற்றினார். ஃபோர்டு மாடல் டி போன்ற எஞ்சின்களின் கம்ப்ரஷன் விகிதம் ஏறக்குறைய 4 தான், கூட்டினால் தட்டும். அவர் எரியும் அறையை வால்வுகளுக்கு மேலே ஒதுக்கி, பிஸ்டனுக்கு மேலே மெல்லிய இடுக்கு மட்டும் விட்டார். பிஸ்டன் மேலே வரும்போது இடுக்கிலுள்ள கலவை பிதுங்கி அறைக்குள் பாய்ந்து சுழலும், தீ வேகமாகப் பரவும். இடுக்கில் மிச்சமிருப்பதோ இரண்டு பக்கமும் குளிர்ந்த உலோகத்தை ஒட்டிக் கிடக்கிறது, அதன் சூடு உடனே இறங்கிவிடுகிறது. வெடிக்கும் அளவுக்கு அது சூடேற முடியாது. இந்த ஹெட்டுகளை மட்டம் தட்டும்போது இடுக்கின் உயரத்தைக் காக்க வேண்டும். கேஸ்கெட்டைத் தடிமனாகப் போட்டு இடுக்கு அகன்றுவிட்டால், கம்ப்ரஷன் குறைந்தும் எஞ்சின் முன்னைவிட அதிகம் தட்டும். பலரை இது குழப்பியிருக்கிறது. இடுக்கைச் சரி செய்ததும் சத்தம் நின்றுவிடும்.

அமெரிக்காவில் வேறு பாதையில் போனார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தைச் சோதித்தார். ஏறக்குறைய 1,300 பங்கு பெட்ரோலில் ஒரு பங்கு கலந்தாலே தட்டல் அடங்கியது. 1923இல் விற்பனைக்கு வந்தது. 1924இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் ஈய நஞ்சால் சித்தம் கலங்கி இறந்தார்கள். சிறிது காலம் விற்பனையை நிறுத்திவிட்டு 1926இல் மறுபடி தொடங்கினார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் முற்றாக நின்றது 2000இல். ஹெட்டின் வடிவத்தாலும் நல்ல எரிபொருளாலும் செய்யக்கூடிய வேலையை நஞ்சால் செய்தார்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன். பழைய வால்வுகளிலிருந்து, ஈயம் விட்டுப்போன மஞ்சளும் சாம்பலும் கலந்த படிவைச் சுரண்டும்போது முகமூடி இல்லாமல் ஒருவரையும் உட்கார விட்டதில்லை.

பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சினின் தண்டை ஹீனன் ஃப்ரூடு தண்ணீர் பிரேக்கோடு இணைப்போம். உள்ளே சுழலும் தண்ணீர் எஞ்சினை இழுத்துப் பிடிக்கும், அந்த இழுப்பைத் தராசுக் கை காட்டும். இழுப்பையும் சுற்றையும் பெருக்கி, பிரேக்குக்குரிய எண்ணால் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். நாலு சிலிண்டரில் எது சோம்பேறி என்று பார்க்க, ஒவ்வொரு பிளக்காக நிறுத்தி எவ்வளவு திறன் குறைகிறது என்று பார்ப்போம். ஆனால் சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்க்க அந்தக் காலத்தில் இருந்த கருவி ஃபார்ன்பரோ இண்டிகேட்டர். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. சிலிண்டரின் உட்பக்கத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன வட்டத் தகடு. அதன் ஒரு பக்கம் எஞ்சின் அழுத்தம், மறுபக்கம் நாம் கொடுக்கும் காற்றழுத்தம். இரண்டும் சமமாகித் தகடு புரளும் அந்தக் கணத்தில் ஒரு தீப்பொறி பாய்ந்து, சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் ஊசித்துளை போடும். காற்றழுத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், எத்தனையோ சுற்றுகளின் துளைகள் சேர்ந்து அழுத்தக் கோடு உருவாகும். ஒழுங்காக ஓடும் எஞ்சினில் அந்தக் கோடு மெலிதாக இருக்கும். எரிதல் சுற்றுக்குச் சுற்று மாறினால் உச்சியில் துளைகள் சிதறியிருக்கும். இன்று நாம் கம்ப்யூட்டர்த் திரையில் பார்ப்பதும் இதே கோடுதான்.

பிளக்குகள் தனிக் கதை. அப்ரகத் தகடுகளை அடுக்கிச் செய்த கே.எல்.ஜி. பிளக்குகளிலிருந்து சுட்ட அலுமினா பீங்கானுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதோடு விடுகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சூடு அதிகமானால் வரும் கேடு. சூடு குறைந்தால் வரும் கேட்டைக் கண்டுபிடித்ததுதான் அந்தக் காலத்துச் சோதனைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. அந்நாளைய கார்கள் சீக்கிரமே ரீபோருக்கு, அதாவது சிலிண்டரை மறுபடி குடைவதற்கு, வந்துவிடும். மேல் ரிங் திரும்பும் இடத்தில் சிலிண்டர் தேய்ந்து, விரல் நகத்தில் தட்டும்படி ஒரு படி விழுந்திருக்கும். தூசிதான் காரணம், எண்ணெய்தான் காரணம், உராய்வுதான் காரணம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 1930களில் இங்கிலாந்தின் ஆட்டோமொபைல் எஞ்சினியர்கள் கழகத்தின் ஆராய்ச்சிக் குழுவுக்காக சி. ஜி. வில்லியம்ஸ் இதைப் பெஞ்சில் வைத்து ஆராய்ந்தார். சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டை மட்டும் மாற்றி மாற்றித் தேய்மானத்தை அளந்தார். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் பல மடங்கு எகிறியது. பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. சுவர் குளிர்ந்திருந்தால் அது பனித்து, எரிதலில் பிறந்த அமிலங்களைக் கரைத்துக்கொண்டு சுவரிலேயே ஒட்டுகிறது. சுவர் துருப்பிடிக்கிறது, ரிங் வந்து துருவை வழித்துக்கொண்டு போகிறது, புதிய இரும்பு மறுபடி துருப்பிடிக்கிறது. தேய்ந்ததாக எல்லோரும் நினைத்த சிலிண்டர் உண்மையில் துருப்பிடித்துப் போயிருக்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியைவிட, தெருவுக்குள்ளேயே நின்று நின்று போகும் டாக்டரின் காரும் டெலிவரி வண்டியும் ஏன் முதலில் ரீபோருக்கு வருகின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட்டின் அருமையும் தெரிந்தது.

ஊருக்கு வந்திருந்தபோது கோவையில் ஒரு மெக்கானிக், பழைய மாரிஸ் கார் ஒன்றின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். “நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க தம்பி? தண்ணி தாராளமா ஓடட்டும்னு எடுத்துட்டேன்” என்றார். நம் பக்கத்தில் அநேகமாக எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். “அண்ணா, வெளியில வெயில் அடிச்சாலும் சிலிண்டர் சுவர் எழுபது எண்பது டிகிரிக்குப் போகணுமுங்க. மார்கழிக் காலையில மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா அது சூடே ஆகாது” என்று சொல்லி, வில்லியம்ஸ் கண்டதை விவரித்தேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. பக்கத்தில் அதே காரின் சிலிண்டர் பிளாக் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்து, சிலிண்டர் விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு மேலே, நடுவில், கீழே என்று அளந்து காட்டினேன். மேல்படியில் மட்டும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு போயிருந்தது; கீழே ஒன்றுகூட இல்லை. அவரே கேஜை வாங்கி நாலு சிலிண்டரையும் அளந்தார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த, எப்போதும் குளிர்ந்த தண்ணீர் முதலில் வந்து சேரும் சிலிண்டர்தான் எல்லாவற்றிலும் அதிகம் தேய்ந்திருந்தது. மேசையிலிருந்த தெர்மோஸ்டாட்டை எடுத்து, வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பையனிடம் கொடுத்தார்.